கறுப்பு தானாகக் கீறிக்கொள்ளாது

வெள்ளை வண்டி வைத்திருக்கிறவன் நிம்மதியாகத் தூங்குவான். பூனை ஏறிப் படுத்து எழுந்தாலும், கோபித்துக்கொண்டு கிளம்பிய மாமியார் சாவியால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாலும், பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வெள்ளை எல்லாவற்றையும் மன்னித்துவிடும். கறுப்பு எதையும் மன்னிக்காது. அதனால்தான் இந்தச் சாந்தியாகோ நகரத்தில் பாலிஷ் போடுகிறவர்கள் நூறு பேர் இருந்தாலும், கறுப்பு வண்டி என்றால் என்னிடம் அனுப்புவார்கள். அன்செல்மோ தெஹாதா என்பது தேவாலயப் பதிவேட்டில் இருக்கிற பெயர். தெருவில் என் பெயர் எஸ்பெஹோ, அதாவது கண்ணாடி. அந்தப் பெயரைச் சம்பாதிக்க இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.

அரசு வழக்கறிஞரம்மா, நீங்கள் ஜாடியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் ஜாடியில் ஆரம்பித்தால் என்னைத் தப்பாக எடைபோட்டுவிடுவீர்கள். என் அப்பா சோல் தெருவில் துணி விற்றவர். "விலையை முதல்ல சொல்லாதடா. துணிய விரி, வாங்கறவ கை வச்சுப் பாக்கட்டும், அப்புறம் வாயத் தொற" என்பார். நானும் விரித்துக் காட்டிவிட்டே விலைக்கு வருகிறேன்.

புது பெயிண்டின் மேல் கிளியர் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சை அடித்ததும் அது ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாக நிற்கும். தண்ணீர் விட்டு, மிக நைசான உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். பிறகு மெஷினில் கம்பளி பேட் மாட்டி, காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போட்டு ஓட்ட வேண்டும். கம்பளி, தாளின் கோட்டை எடுத்துவிட்டுத் தன் கோட்டை விட்டுவிட்டுப் போகும். ஒரு அதிகாரியை மாற்றினால் அடுத்தவர் வருகிற மாதிரி. வட்ட வட்டமாக, மயிரிழையாக. நிழலில் தெரியாது. வண்டியை வெயிலுக்கு இழுத்தால், சூரியன் விழுகிற இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னிய மாதிரி இருக்கும். வலை என்றுதான் நாங்கள் சொல்வது. மெத்தென்ற ஸ்பாஞ்ச் பேடால், அவசரப்படாமல், அந்த வலையை எடுப்பதுதான் என் தொழில். எடுக்கத் தெரியாதவர்கள் எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷைப் பூசிக் கீறலை அடைத்துவிடுவார்கள். நாலு தடவை கழுவினால் பல்லிளித்துவிடும். நான் அந்த ரகம் இல்லை. முடித்ததும் ஆல்கஹாலால் துடைத்து, உச்சி வெயிலில் நிறுத்தி, வண்டிக்காரர் கண் முன்னால் காட்டித்தான் ஒப்படைப்பேன். துணிக்கடைக்காரன் மகன் சாயம் போகிற துணியை விற்க மாட்டான். விற்றாலும் வேற்றூரில்தான் விற்பான்.

பட்டறை எனக்கும் ரதாமேஸுக்கும் பாதிப் பாதி. அவர் பெயிண்ட், நான் பாலிஷ். என் மகள் யூதெல்காவுக்கு அவர் ஞானத்தகப்பன். ஆகவே நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. அதுவரை வாடா போடா என்றிருந்தவர்கள், குழந்தை தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்த நிமிஷத்திலிருந்து 'நீங்க' ஆகிவிட்டோம். கொம்பாத்ரேயிடம் குரல் உயர்த்தக் கூடாது. குற்றம் சாட்டக் கூடாது. அது அந்தத் தண்ணீருக்குச் செய்கிற அவமரியாதை, பிள்ளைக்கு ஆகாது. உங்களுக்கும் கொம்பாத்ரேகள் இருப்பார்கள், தெரியும். இந்த வழக்கம் மட்டும் இல்லையென்றால் நான் அவரை நேரிலேயே கேட்டிருப்பேன். விஷயம் நாலு கெட்ட வார்த்தையோடு முடிந்திருக்கும்.

மார்ச் மாதம் தோன் எலிகியோ வந்தார். ஊரில் பாதிப் பேரைப் புதைக்கிற நிறுவனம் அவருடையது. அவருடைய அமரர் ஊர்திகள் நான்கும் வெளிறிப் போயிருந்தன. ஒவ்வொன்றாக அனுப்புவார், கறுப்படித்துக் கண்ணாடியாக்கித் தர வேண்டும். வண்டிக்கு ஐந்து நாள்.

"அஞ்சு நாளுக்கு மேல தாங்காது எஸ்பெஹோ. என் வாடிக்கைக்காரங்க அவசரப்படவே மாட்டாங்க. ஆனா அவங்கள கூடத்துல படுக்க வச்சிருக்கிற சொந்தக்காரங்க அவசரப்படுவாங்க" என்றார்.

அவர் போனபிறகு ரதாமேஸ் கழுத்தைச் சொறிந்தார். "கொம்பாத்ரே, அஞ்சு நாள்ல அடிச்சு நான் குடுத்துடுறேன். நீங்க தேய்க்கிறத மட்டும் ஒரு மாசம் தள்ளி வச்சுக்கலாம்."

"அஞ்சு நாள்ல வேணும்ங்கறாரே."

"எடுத்துட்டுப் போய் ஓட்டட்டும். ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் கொண்டாந்து விடட்டும். பெயிண்ட் மேலதான் காஞ்சிருக்கும், உள்ள ஈரம் நிக்கும். இப்ப தேய்ச்சா இன்னைக்கு ஜோராத்தான் இருக்கும். ஈரம் போகப் போக அது சுருங்கி உக்காரும். தேய்ச்ச கோடெல்லாம் எந்திரிச்சு வந்து நிக்கும்."

கடைத்தெருவில் 'பொறு' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: பொறுக்கச் சொல்கிறவனுக்கு உள்ளே ஏதோ வேலை இருக்கிறது. ஒரு மாதம் மங்கிய கறுப்போடு ஊர்வலம் போனால் ஜனங்கள் யாரைப் பழிப்பார்கள்? பெயிண்டரையா, எஸ்பெஹோவையா? பின்னால் உட்கார்ந்து யோசித்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. அத்தனை வருஷமும் அவர் அடித்த வண்டி எதுவும் உடனே என் கைக்கு வந்ததில்லை. கதவு ரப்பர் வரவில்லை, விளக்கு வரவில்லை, தகரக் கம்பி வரவில்லை என்று ஏதாவது சொல்லி ஒரு மாதம் தள்ளித்தான் என் பக்கம் அனுப்புவார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிப்பட்ட ஆழமான ஆள்.

முதல் வண்டியை அவர் அடித்து முடித்த மறுநாளே தேய்த்தேன். தோன் எலிகியோ வந்து அதன் பின்கதவில் பார்த்து மீசையை வாரிக்கொண்டு போனார். மூன்றாவது வாரம் திரும்பி வந்தார்.

"எஸ்பெஹோ, இதுல என் மீசை தெரியல. உன் மீசையாவது தெரியுதா பாரு."

வெயிலில் இழுத்தேன். வலை. பழைய துவாலையால் துடைத்திருப்பான் என்று ஓட்டுநர் மேல் பழியைப் போட்டு, மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது வண்டிக்குச் சவப்பெட்டி வைக்கிற உருளைகள் வந்துசேரவில்லை. அதனால் தேய்த்து முடித்த பிறகும் எங்கள் கொட்டகையிலேயே நின்றது. பத்தாவது நாள் வெளியே எடுத்தால் அதிலும் வலை. ஓட்டுநர் தொடவில்லை. யாரும் துடைக்கவில்லை. கொட்டகைக்குச் சாவி இரண்டு: ஒன்று என்னிடம், ஒன்று ரதாமேஸிடம். நான் கீறவில்லை. கணக்கு நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும்.

இருந்தாலும் நான் அவசரக்காரன் இல்லை. மறுபடி எடுத்தேன். சாயங்காலம் பூட்டுவதற்கு முன் வண்டியைச் சுற்றித் தரையில் டால்கம் பவுடர் தூவினேன். மறுநாள் ரதாமேஸ் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கொம்பாத்ரே, கெழவிங்க மாதிரி வண்டிக்கும் கழுத்துல பவுடர் போட்டுப் பூசைக்கு அனுப்புறீங்களா?"

"எறும்புக்கு" என்றேன்.

"எறும்பு என்னா, டயரையா திங்கும்?"

எட்டு நாள் தூவினேன். எட்டு நாளும் பவுடரில் ஒரு காலடி கிடையாது. எட்டாம் நாள் வண்டியில் வலை. சாதாரண ஆள் அந்தத் தரையைப் பார்த்து, யாரும் வரவில்லை என்று முடிவுகட்டுவான். நான் பார்த்து, வந்தவனுக்குப் பவுடர் இருப்பது முன்னமே தெரியும் என்று முடிவுகட்டினேன். தெரிந்தவர் ஒருவர்தான்.

ஏன் செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டுக்கொண்டேன். அவர் மனைவி யோகாஸ்தாவின் தம்பி ஒரு நாள் பட்டறைக்கு வந்து, என் மெஷினைக் கையில் தூக்கி, "கனமா இருக்கே" என்றான். கனம் பார்க்கிறவன் வாங்கத்தானே பார்க்கிறான். மச்சானை என் இடத்தில் உட்காரவைக்க வேண்டுமென்றால் முதலில் என் பெயர் போக வேண்டும். அது போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த வாரம் தோன் எலிகியோ தெருமுனைக் கடை முன்னால், டோமினோ ஆடிக்கொண்டிருந்த நாலு பேர் காதில் விழச் சொன்னார்: "இன்னொரு வண்டி இப்படி ஆச்சுன்னா, எஸ்பெஹோ, உனக்கு வேற பேருதான் பாக்கணும்." ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "துருன்னு வைங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரதாமேஸும் அங்கே இருந்தார். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காததைக் குறித்துக்கொண்டேன்.

இப்போது ஜாடி.

கிளியர் இறுகுவதற்காக அதில் கலக்கிற ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது. முகத்தில் மாஸ்க் இல்லாமல் அந்த அறைக்குள் போகக் கூடாது. மாஸ்க்கின் இரு பக்கமும் திருகுகிற ஃபில்டருக்குள் கரி இருக்கும். வெறும் காற்றில் கிடந்தால்கூட அந்தக் கரி நாற்றத்தைக் குடித்துக் குடித்துத் தீர்ந்துபோகும். ரதாமேஸ் ஒழுங்கான ஆள். வேலை முடிந்ததும் மாஸ்க்கைத் துடைத்து, ஆலிவ் காய் வந்த பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடியை இறுகத் திருகி, தேதி எழுதி ஒட்டியிருப்பார். தேதிப்படி ஃபில்டர் மாற்றுவார். மற்ற பெயிண்டர்களுக்கு ஃபில்டர் தீர்ந்தால் மூக்கு சொல்லிவிடும். இவருக்கு இரண்டு வருஷம் முன்பு வந்த காய்ச்சலில் வாசனை போயே போய்விட்டது. காப்பிக்கும் டீசலுக்கும் வித்தியாசம் தெரியாது. சோற்றில்கூடக் கடிக்கிற சத்தத்துக்காகக் காந்தலை மட்டும் சுரண்டித் தின்பார். "இவரு மூக்கு முகத்துல அழகுக்குத்தான், கொம்பாத்ரே. அதுலயும் ஏமாத்திட்டாங்க" என்பாள் யோகாஸ்தா.

நான் செய்தது இவ்வளவுதான். சாயங்காலம் அவர் போனதும் ஜாடியின் மூடியைத் திறந்து வைப்பேன். காலையில் அவருக்கு முன்னால் வந்து மூடிவிடுவேன். உள்ளே எதுவும் போடவில்லை. தேதியைத் திருத்தவில்லை. பெயிண்டைக் கரைக்கிற தின்னர் வாளி பக்கத்தில் இருந்தது உண்மை; அது எப்போதும் அந்த மூலையில்தான் இருக்கும். இரண்டாவது வாரம் அதைக் கொஞ்சம் நெருக்கி வைத்தேன், நடக்க இடம் வேண்டும் என்பதற்காக. அதற்கும் மூடி உண்டு. அதையும் திறந்தேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். நெஞ்சு கொஞ்சம் கனத்தால் ஆள் வீட்டில் உட்கார்ந்துவிடுவார். சாவி என்னிடம் வரும். குரல் உயர்த்தாமல், பிள்ளைக்குத் தோஷம் வராமல் காரியம் முடியும். அந்தக் கோடையில் நான் அவரிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை.

நாலாவது வாரம் இருமல் வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்றீர்கள். பேரம் படிகிற நேரத்தில் எழுந்து போகிறவன் வியாபாரி இல்லை, அம்மா. இருமல் வந்துவிட்டதென்றால் எதிராளி இறங்கி வருகிறான் என்று அர்த்தம். இஞ்சியும் தேனும் காய்ச்சி நானே குப்பியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மருத்துவரிடம் அழைத்துப் போனதும் நான்தான்.

"மாஸ்க் போடுறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

"என் கொம்பாத்ரேயக் கேளுங்க டாக்டர். பொண்டாட்டிய மறந்தாலும் மாஸ்க்கையும் ஜாடியையும் மறக்க மாட்டேன்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க. ஒரு நாள் தவறினதில்ல" என்றேன். அது உண்மை. நானும் தவறியதில்லை.

கொஞ்ச காலம் பெயிண்ட் பக்கமே போகாதீர்கள் என்று அவர் சொன்னார். திரும்பி வருகிற வழியில் ரதாமேஸ் சொன்னது இது: "இன்னும் ரெண்டு வண்டி இருக்கே கொம்பாத்ரே. பாதில விட்டா உங்க பேரு போயிடும். முடிச்சிட்டுப் படுத்துக்கறேன். நீங்க மட்டும் அந்தத் தேய்க்கிறத ஒரு மாசம் தள்ளி வைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மறுபடியும் அதே பேச்சு. விலை இறங்காத கடைக்காரன் ஒரே எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்கிற மாதிரி. அன்றைக்கும் மூடியைத் திறந்தேன்.

மூன்றாவது வண்டி ஜூலைக் கடைசியில் முடிந்தது. மறுநாளே தேய்த்துக் கொடுத்தேன். ஆகஸ்டு நடுவில் நாலாவது வண்டி. இரண்டாவது கோட்டு கிளியர் அடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் கதவைத் திறந்து வெளியே வந்து, மாஸ்க்கைக் கழற்றி, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தார்.

"கொம்பாத்ரே, காத்து வரல."

அட்டைப் பெட்டி மூடியைக் கிழித்து விசிறினேன். ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அது வரும்வரை அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. மாலைக்குள் முடிந்துவிட்டது. ஆஸ்துமா என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாளே அடக்கம்.

தோன் எலிகியோ மரியாதைக்காக ஊர்தியை இலவசமாக அனுப்பினார். மூன்றாவது வண்டி. கொம்பாத்ரே என்பதால் எனக்கு முதல் வரிசை. கையை அதன் பின்கதவில் வைத்துக்கொண்டு நடந்தேன். பகல் பன்னிரண்டு மணி, மேகமே இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்புகிற முனையில் வெயில் நேராகக் கதவில் விழுந்தது. வலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி, இந்தப் பக்கம் வலை. யோகாஸ்தா என் தோளில் சாய்ந்து, "பாருங்க கொம்பாத்ரே, பாருங்க" என்று அழுதாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போகிற போக்கில் அதையும் கீறிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. முடிந்துபோன வியாபாரம்.

ஆனால் முடியவில்லை. அதற்காகத்தான் உங்களிடம் வந்தேன்.

ஒன்பது நாள் ஜெபம் முடிந்ததும், வேறு பட்டறை எர்சிலியோவைக் கூப்பிட்டு நாலாவது வண்டியை முதலிலிருந்து அடிக்கவைத்தேன். மறுநாள் தேய்த்தேன். என் கைக்கு அதைவிட நல்ல வேலை வந்ததில்லை. சாவி இரண்டும் என் இடுப்பில். தேய்த்த ஒன்பதாம் நாள் காலையில் வெளியே எடுத்தால், கூரையிலிருந்து சக்கரம் வரை வலை.

நேரே காவல் நிலையம் போனேன். ரதாமேஸின் சாவி அந்த ஒன்பது ஜெப நாளும் யோகாஸ்தா வீட்டில் இருந்தது. அச்செடுத்து இன்னொன்று செய்திருக்கிறாள், நடவடிக்கை எடுங்கள் என்று புகார் சொன்னேன். அங்கிருந்த போலீஸ்காரர் நல்லவர்தான்.

"வண்டியக் கீறி அந்தம்மாவுக்கு என்னய்யா ஆகப்போகுது?"

"அவ புருஷன் ஆரம்பிச்சத அவ முடிக்கிறா."

"புருஷன்தான் கீறினார்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமலா பதினொரு வாரம் ஜாடியத் திறந்து வச்சேன்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நீங்கள் வந்தீர்கள். வந்ததிலிருந்து என் புகாரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லோருக்கும் ஜாடிதான் வேண்டும். அதனால்தான் பேரம் வைத்தேன். ஜாடியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். பதிலுக்கு, அந்த வண்டியை உங்கள் முன்னாலேயே ஒரு தரம் தேய்த்து எடுக்க விடுங்கள். உங்கள் கொட்டகையில் பூட்டி முத்திரை வையுங்கள். யார் கையும் படாமல் இருந்தால் வலை வராது, அப்போது நான் சொன்னது புரியும் என்றேன். நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். நியாயமான அம்மா. பன்னிரண்டு நாள் பூட்டியிருந்தது.

இன்று காலை முத்திரையை உடைத்து வண்டியை வெயிலுக்கு எடுத்தீர்கள். பார்த்தோம். வலை. பிறகு பெயிண்ட் டின்னில் ஒட்டியிருந்த தாளை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்: முப்பது நாள், ஈரம், சுருக்கம். ரதாமேஸ் சொன்னது வார்த்தை மாறாமல் இருந்தது. எர்சிலியோவையும் வரவழைத்துக் கேட்டீர்கள். அவரும் அதையே சொன்னார். மூன்று கடையில் ஒரே விலை சொன்னால் அது நியாய விலை என்று வாடிக்கைக்காரர்கள் நினைப்பார்கள். மூன்று கடைக்காரர்களும் முந்தின நாள் சேர்ந்து காப்பி குடித்திருக்கிறார்கள் என்று என் அப்பாவுக்குத் தெரியும்.

பேச்சு மாறுகிறவன் இல்லை நான். ஜாடியைத் திறந்தவன் நான். வாளியைத் திறந்தவனும் நான். பதினொரு வாரம், ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக. இருமலைக் கேட்ட பிறகும் திறந்தேன், மருத்துவர் எச்சரித்த அன்றும் திறந்தேன். அவர் செத்தது அதனால்தான். கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்தக் கொட்டகைப் பூட்டுக்கு ஒரு சாவிதான், பன்னிரண்டு நாளும் அது உங்கள் கைப்பையை விட்டு வெளியே போகவில்லை என்று நீங்களே இன்று காலை இரண்டு பேர் முன்னால் சொன்னீர்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. உங்கள் முழுப் பெயரோடு.